உங்க கார் பானட்டைத் திறக்கப் பயமா? ஜி.டி.நாயுடுவின் கதையைப் படிச்சிட்டுத் திறங்க!

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? பைக்குகளும், லோனில் வாங்கிய சின்னக் கார்களும் சாலையை அடைத்துக்கொண்டு வரும். வருபவர்களில் நிறைய பேர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள். உள்ளே போனால் மைக்ரான் கணக்கில் இரும்பைச் சீவுகிற மெஷினைக் கையாளுவார்கள். வெளியே வந்தால், சொந்தக் காரில் ஆயில் லெவல் என்ன என்று பார்க்கக்கூட பானட்டைத் திறக்க மாட்டார்கள்.

திட்டலைங்க. நீங்களும் நானும் எல்லோரும் இப்படித்தான் ஆகிட்டோம். காரில் ஒரு விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டருக்கு போன் பண்றோம். பில்லில் பத்து வரி இருக்கும். ஆயில், ஃபில்டர், லேபர் தவிர மீதி எதுவும் புரியாது. புரியாமலேயே ஜிபே பண்ணிட்டு வந்துடறோம். பல லட்சம் கொடுத்து வாங்கின பொருள், ஆனா அதைத் தொடறதுக்கு நமக்கு உரிமையே இல்லாத மாதிரி ஒரு கூச்சம்.

இந்தக் கூச்சம் கொஞ்சமும் இல்லாத ஒருத்தர் கோயம்புத்தூரில் இருந்தார். அவருடைய கதை ஆரம்பிப்பதே ஒரு வண்டியைக் கழற்றியதில்தான். பெயர் உங்களுக்குத் தெரியும். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்தாங்களே, 10 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மேம்பாலம், அதில் இருக்கிற பெயர். மாதவன் நடிக்க படமாவதும் இவர் வாழ்க்கைதான். கோபால்சாமி துரைசாமி நாயுடு. சுருக்கமாக ஜி.டி.நாயுடு.

இந்தியாவின் எடிசன் என்று அவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. எடிசனுக்குப் பெரிய ஆய்வுக்கூடம், கூடவே ஒரு படை. இவருக்கு ஆரம்பத்தில் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள், கொஞ்சம் ஸ்பேனர். மெக்கானிக் நாயுடு என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

மண்ணெண்ணெய், ஒரு துணி

1893 மார்ச் 23. சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். விவசாயக் குடும்பம். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரவில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. வாத்தியார் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிய பையன் என்று ஊரில் கதை உண்டு. பையன் படிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. கையில் கிடைத்ததை எல்லாம் தானாகவே வாசித்திருக்கிறார். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதுதான் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள். வருவாய்த் துறையில் வேலை பார்த்த லங்காஷயர் என்ற வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி, 1911 வாக்கில் மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. அந்த கம்பெனி வண்டி. ஊருக்குள் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டும் ஓடிய காலம். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடி வருவதைப் பார்த்த இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வண்டி வழியில் நின்றுபோனது என்பார்கள். துரை கேட்டது இரண்டே பொருள்: கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு துணி. பாகங்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் வண்டி கிளம்பிய அதிசயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்கள். நாயுடுவின் மனசில் தங்கியது அதற்கு முன்னால் நடந்தது. கழற்ற முடிகிறது. கழுவ முடிகிறது. திரும்ப மாட்ட முடிகிறது. மந்திரம் ஒன்றுமில்லை.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். டேபிள் துடைத்து, இலை எடுத்து, காசு சேர்த்தார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஆண்டுக் கணக்கில். சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் அதே துரையிடம் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் முதலில் என்ன செய்வார்? ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு போவார். இவர் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு, எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார். அவருடைய இன்ஜினீயரிங் காலேஜ் அதுதான்.

ஆயில் குடித்த வண்டிகள்

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. ஆயில் இன்ஜினுக்குள் போகும், உராய்வைத் தடுக்கும், பாதி எரியும், பாதி கீழே ஒழுகும். போனது போனதுதான், திரும்பி வராது. ஓட்டுகிறவரே ஒரு கைப்பம்பை அவ்வப்போது அழுத்தி இன்ஜினுக்கு ஆயில் ஊட்ட வேண்டும். மேடு வந்தால் இன்னொரு அழுத்து. மறந்தால் பிஸ்டன் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அதிகமாக அழுத்தினால் பின்னால் புகை மேகம்.

அதாவது ஓட்டத் தெரிந்தால் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஓட்டவே முடியும். இன்று நம் காரில் ஆயில் பம்ப் தானாக வேலை பார்க்கிறது. அதே ஆயில் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றி வருவதால் அழுக்கும் கூடவே சுற்றும். அதை வடிகட்டத்தான் ஃபில்டர். அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட், கிரீன்வுட் என்ற இருவர் 1923-ல் காருக்கான ஆயில் ஃபில்டருக்குக் காப்புரிமை கேட்டார்கள். ப்யூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். நாயுடு பஸ் ஓட்ட ஆரம்பித்தது அதற்கும் மூன்று வருஷம் முன்னால்.

பம்பாயில் போனது, பொள்ளாச்சியில் வந்தது

ஆனால் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. வெற்றிக் கதை சொல்கிறவர்கள் இதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

முதல் உலகப் போர் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தி அரவை ஆலை வைத்தார். நன்றாகவே சம்பாதித்தார். கையில் காசு வந்ததும் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே இருந்தவர்கள் அந்த ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எந்த மெஷினையும் கழற்றிப் பார்த்துப் புரிந்துகொண்டவருக்கு, சந்தையைக் கழற்றிப் பார்க்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வரவேண்டியதாயிற்று.

திரும்பி வந்தவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் ஸ்டேன்ஸ் பள்ளி இருக்கிறதே, அந்தப் பள்ளியை ஆரம்பித்தவர். காபி, பஞ்சாலை, மோட்டார் என்று பல தொழில் செய்தவர். வயதில் நாயுடுவுக்குத் தாத்தா மாதிரி. அவர் நாயுடுவை நம்பிக் கடன் கொடுத்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே சர்வீஸ் தொடங்கியது. முதலாளி அவரே, டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி. ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இன்னைக்கு ஏசி போட்டுக்கிட்டு, பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போற ரோடு. அன்றைக்குத் தார் கிடையாது. புழுதிதான். புழுதி என்றால் இன்ஜினுக்கு எமன். காற்றோடு உள்ளே போய் ஆயிலில் கலந்து, உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும். ஃபில்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஃபோர்டு மாடல் டி காருக்கு அந்த கம்பெனி சொன்ன கணக்கு, சுமார் 1,200 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும் என்பது. பொள்ளாச்சி-பழனி தினம் ஒருமுறை போய் வந்தாலே பத்து நாளில் அந்தத் தூரம் வந்துவிடும். அன்று பஸ் நடத்துவதில் பாதி வேலை டிக்கெட் கொடுப்பது என்றால், மீதிப் பாதி கையெல்லாம் கரியாவது.

பஸ் தொழிலில் நின்றவர்களுக்கும் விழுந்தவர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். வண்டி வாங்கப் பலரிடம் பணம் இருந்தது. நாளைக்கும் அதே நேரத்துக்கு அது கிளம்பும் என்று உறுதி சொல்ல, ராத்திரி அதைத் திறந்து பார்க்கிற ஆள் வேண்டும். சில வருஷங்களிலேயே அவருடைய யு.எம்.எஸ். பஸ்கள் நேரம் தவறாமைக்குப் பேர் வாங்கின. நாட்டிலேயே சிறப்பாக நடத்தப்பட்ட பஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

சரி, இப்போ நம்ம காருக்கு வருவோம்

நாயுடு மாதிரி முழு வண்டியையும் பிரிச்சுப் போடச் சொல்லலைங்க. வேண்டவே வேண்டாம். ஆனா ஆயிலும் ஃபில்டரும் மாத்தறது, வீட்டு வாசலில் சமதளமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இருந்தா முடியக்கூடிய வேலை. கார் இன்னும் வாரன்டியில் இருந்தா மட்டும் அதன் நிபந்தனைகளை முதலில் படிச்சிடுங்க. ஃப்ரீ சர்வீஸ் இருக்கும்போது வீட்டில் பண்றதுக்கு அர்த்தமும் இல்லை.

முதலில் காரோடு வந்த புத்தகத்தை எடுங்க. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எல்லாம் அதில் இருக்கு. இப்போதைய பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருதோ அது. சின்னக் கார்களுக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் வரை ஆகும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று டப்பாவில் போட்டிருப்பது ஆயிலின் கெட்டித்தன்மை. முதல் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எப்படி நிற்கும் என்பதற்கு. கடைக்காரர் வேறு ஏதாவது எடுத்துக் கொடுத்தாலும் புத்தகத்தில் இருப்பதையே கேட்டு வாங்குங்க.

இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. ஆயில் லேசாகச் சூடானால் இளகி முழுசா வடியும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துடும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைங்க. அடுத்து நான் சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஸ்டெப்னி மாத்தற ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி சரிந்தால் உயிர் போகும். தூக்கிய காரைத் தாங்க, எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேணும், அல்லது முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சாய்தளம் வேணும். இந்த ரெண்டும் இல்லைன்னா இந்த வேலையை மெக்கானிக்கிட்டயே விட்டுடுங்க, அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அடியில் ட்ரெயின் போல்ட் இருக்கும். சில கார்களில் பிளாஸ்டிக் கவர் ஒன்று மறைத்திருக்கும். கீழே அகலமான பழைய டப் ஒன்றை வைத்துவிட்டு, சரியான அளவு ஸ்பேனரால் போல்ட்டை இளக்குங்க. கடைசிச் சுற்றைக் கையால் கழற்றும்போது ஆயில் ஒரு வேகத்தோடு வரும், முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க. கருப்பா வருதே, இன்ஜின் போச்சான்னு பயப்பட வேண்டாம். உள்ளே சேரும் கரியை ஆயில் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் வேலையே அதுதான். ஆனால் பால் கலந்த காபி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கு, உடனே மெக்கானிக்.

வடிந்ததும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டுங்க. பலம் காட்டி இறுக்கினால் திருகு மரை போய்விடும். அந்தச் செலவு நீங்க மிச்சம் பிடிச்சதைவிடப் பல மடங்கு.

அடுத்து ஃபில்டர். டப்பா மாதிரி இருக்கும் வகை என்றால் கையாலோ ஃபில்டர் ஸ்பேனராலோ திருகினால் வரும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. அதன்மேலேயே புதுசை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையால் மாட்டி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. இந்த முக்கால் சுற்றுக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும், ஆனாலும் ஃபில்டர் பெட்டி மேலேயே போட்டிருப்பாங்க, பார்த்துக்கோங்க.

ஆயில் மட்டும் மாற்றி ஃபில்டரை விட்டால் என்ன? சிலர் கேட்பாங்க. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். அடைப்பு வந்தால் ஒரு வால்வு திறந்து, ஆயில் வடிகட்டாமலேயே உள்ளே போகும். கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேரிங்குகளுக்கு மட்டும் தெரியும்.

மேலே மூடியைத் திறந்து, சொன்ன அளவில் ஒரு அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்க. இன்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அடியில் சொட்டுகிறதா பாருங்க. நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்துப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்க. மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. நிறைய ஊத்தினா நல்லதுன்னு இது என்ன பிரியாணியா? அளவு கூடினால் நுரைத்து, சீல்களைக் கெடுக்கும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மீந்துபோன கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீங்க. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

துடைக்கப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட் வைத்திருப்பார்களே, அது திருப்பூரிலிருந்து வருகிற துண்டுத் துணி. நாயுடு ஒரு காலத்தில் பருத்தி அரைத்த ஊர். மண்ணெண்ணெயும் துணியும் இன்னமும் அந்தப் பக்கத்துச் சொத்துதான் போல.

வடித்த ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றக் கூடாது, மண்ணில் ஊற்றக் கூடாது, எரிக்கக் கூடாது. பயன்படுத்திய ஆயில் 2016-ம் வருட விதிகளின்படி அபாயகரமான கழிவு. சேதராப்பட்டுக்காரர்களுக்கு இது சும்மா சட்டம் இல்லை. பக்கத்திலேயே ஊசுட்டேரி. புதுச்சேரியின் பெரிய ஏரி, 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம்ம வாசல் சாக்கடையில் ஊத்தினது எங்கே போய்ச் சேரும்னு சொல்லத் தேவையில்லை. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழைய ஆயிலை ஊற்றி மூடி, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற பட்டறையாகப் பார்த்துக் கொடுங்க. நாலு பேரைக் கேட்டா ஒரு பட்டறை தெரிஞ்சுடும்.

இரண்டு வருஷமா, நாலு வருஷமா?

பஸ்ஸோடு நாயுடு நிற்கவில்லை. 1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில் இருந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளியே வந்தது. அதில் கூட உழைத்த பாலசுந்தரம் நாயுடுதான் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். இன்று நாட்டின் எந்த மூலையில் கிணற்றில் மோட்டார் ஓடினாலும், கோயம்புத்தூர் பெயர் போட்ட தகடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த வரிசையின் ஆரம்பத்தில் இந்த மோட்டார் நிற்கிறது.

பட்டியல் அதோடு முடியாது. பேட்டரியில் ஓடும் ரசன்ட் ஷேவிங் ரேசர். பழச்சாறு பிழியும் கருவி. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. ஓட்டுப் பதிவு மெஷின். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். கேமரா பைத்தியமும் உண்டு. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் எல்லோரும் அவர் கேமராவில் விழுந்திருக்கிறார்கள். பருத்தி, சோளம் என்று விவசாய ஆராய்ச்சியும் செய்தார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1945. அவருடைய நன்கொடையில் கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ஜி.சி.டி. என்று சொல்கிறோமே, கட்-ஆஃப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அந்த அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் அது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் அதற்கு முதல்வராக இருந்தார்.

அங்கே ஒரு சண்டை வந்தது. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருடம் என்பது நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்றார் நாயுடு. பட்டறையில் கையை வைத்துக் கற்றால் சீக்கிரம் வரும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகிவிட்டார். தன் காசில் வந்த கல்லூரியை, தன் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டுப் போகிற மனசு லேசில் வராது.

அவர் சொன்னது சரியா? முழுசா ஒத்துக்க எனக்கு மனசு வரலை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்ற மூளை அவருடையது. எல்லோருக்கும் அப்படி அமையாது. இறுகிய போல்ட் எப்போது உடையும் என்பதைக் கை சொல்லும், ஏன் உடைகிறது என்பதைக் கணக்குதான் சொல்லும். கணக்குக்கு நேரம் வேணும். ஆனால் நாலு வருஷம் படித்து முடித்துவிட்டு டிப் ஸ்டிக் எது என்று தேடுகிற நாம் அவரிடம் வாதாடப் போனால் பாதியிலேயே தோற்றுவிடுவோம்.

2,000 ரூபாய் கார்

1952. நாயுடு இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். டாடா நானோ வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால்.

அந்தக் கார் சாலைக்கு வரவில்லை. அன்றைய இந்தியாவில் தொழில் தொடங்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். எதை, எவ்வளவு, யார் செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும். நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. இதில் அரசாங்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். புதுசாகச் சுதந்திரம் வாங்கிய நாடு, இரும்பும் அந்நியச் செலாவணியும் பற்றாக்குறை, எதற்கு ஒதுக்குவது என்ற கவலை இருந்தது. ஆனாலும் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கார் வந்திருந்தால், அதை வாங்கிய பள்ளி வாத்தியாரும் மளிகைக் கடைக்காரரும் வாசலில் வைத்துத் தாங்களே கழற்றி மாட்டிப் பழகியிருப்பார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த நடுத்தர வர்க்கம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். கிடைத்தது, கார் என்றாலே பணக்காரர் சமாசாரம் என்று தள்ளி நின்று பார்த்த இரண்டு தலைமுறை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் நாம். கூச்சம் எங்கேருந்து வந்ததுன்னு பார்த்தீங்களா?

இப்போது அந்தக் கூச்சத்துக்குப் புதுக் காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. இன்ஜின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி. எதைத் தொட்டாலும் சென்சார். வாங்கியவரே பழுது பார்க்கும் உரிமை பற்றி உலகம் முழுக்கப் பேச்சு நடக்கிறது. இந்தியாவிலும் மத்திய அரசு 2022-ல் இதற்காக ஒரு குழு போட்டு, அந்த வருடக் கடைசியில் ஓர் இணையதளமும் தொடங்கியது. லங்காஷயர் துரை வண்டியை விற்கும்போது, பிரித்தால் வாரன்டி போய்விடும் என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தால் நாயுடு என்ன செய்திருப்பார்? தாளைக் கீழே விரித்து, அதன்மேல் போல்ட்டுகளை வரிசையாக அடுக்கியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

பிற்காலத்தில் அவருடைய கவனம் தொழிலாளர் நலனிலும் கண்காட்சிகளிலும் போனது. 1967-ல் கோவையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். 80 வயது.

அவர் பெயரால் அவிநாசி சாலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் ஜீடீ கார் மியூசியமும் திறந்தார்கள். பழைய கார்கள் வரிசையாக நிற்கும். ரீல்ஸ் எடுக்கிற கூட்டத்தைத் தாண்டி, கொஞ்சம் குனிந்து ஒவ்வொரு வண்டியின் அடிப்பக்கத்தையும் பாருங்க. ட்ரெயின் போல்ட் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதே நல்ல விளையாட்டு.

சேதராப்பட்டிலிருந்து கோவைக்குச் சுமார் 370 கிலோமீட்டர். காரில் போய் வந்தால் 750-ஐத் தொடும். கிளம்புகிற அன்று காலையில், இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டிப் ஸ்டிக்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்துடுங்க.